தண்ணீர் ஊற்றி எழுப்பிய மண்

சேகருக்கு,

இதை எழுதுவது தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற மேரியம்மா. சொல்வது உன் அப்பன். "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கட்டுமா பெரியவரே" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய எனக்கு இன்றைக்கு ஆவலும் இல்லை. போனில் சொன்னால், "நைனா, மீட்டிங்ல கீறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மேசை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியும் அல்லவா, நன்றாகப் படி.

போன வாரம் நீ போன் செய்தாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நைனா, சடையங்குப்பம் நெலம் மண்ணு டெஸ்ட்டுல பாஸாயிடும் போலகீது. மண்ணு நல்லா மூச்சு வுடுது. அடுத்த வெள்ளிக்கெழமை கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. இதுக்கப்புறம் லேப்ல என்னை ஒருத்தனும் அசைக்க முடியாது" என்றாய். நானும் சந்தோஷப்பட்டேன். கால்வாய் ஓரத்தில் தகரம் அடித்து இருக்கிற நம் தெரு ஜனங்களுக்கு அங்கேதான் மனை தருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். என் தங்கச்சி மகள் அமுதா அன்றைக்கு சாயந்திரமே ஓடி வந்தாள். "மாமா, மச்சானே சொல்லிட்டாராமே மண்ணு நல்லாகீதுன்னு. வூட்டுக்குப் பின்னால நாலு பாத்தி போட்டு மொளக்கீரை வெதைக்கப் போறேன். மொதக் கட்டு ஒனக்குத்தான்" என்றாள். அவள் குழந்தைகள் இரண்டும் வாசலில் குதித்தன. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், என் மகன் ரிப்போர்ட்டு என்று.

மறுநாள் டீக்கடையில் தண்ணி லாரி ஓட்டுகிற பாபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னா பெர்சு, ஒம் புள்ள பெரிய ஆளாயிட்டான். அவன் மண்ணு எடுக்க வர்றான்னு மூணு நாளு எனக்கு அங்கதான் டூட்டி. வெறுந்தரைக்கு இவ்ளோ தண்ணி அடிச்சது என் சர்வீஸ்லயே இதான் மொத தபா. செடியும் இல்ல, கொடியும் இல்ல. சாமிக்கு அபிசேகம் பண்றாப்ல பண்ணேன்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. டீ கையிலேயே ஆறிப்போனது. யார் அடிக்கச் சொன்னது என்று கேட்டேன். "நெலத்த மேடாக்கி மனை போடற குத்தகைக்காரரு. வேற யாரு?" என்றான்.

அங்கிருந்தே உனக்குப் போன் போடச் சொன்னேன், பாபுவின் போனில். தண்ணி அடித்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். நீ இல்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் நோட்டுப் புத்தகம். "ஈரமா இருந்திச்சி நைனா. பாத்தேன். எப்டி ஈரமாச்சின்னு கேக்கறது என் வேலை இல்ல. மண்ணுல ஈரம் இவ்ளோன்னு ரிப்போர்ட்ல எழுதிகீறேன். ஒரு வார்த்தை பொய் இல்ல." அக்கினி வெயில், தார் ரோடு உருகுகிறது, மழை பெய்து எத்தனை மாதம் ஆயிற்று, அந்த ஒரு நிலம் மட்டும் குளித்து முழுகி உனக்காக உட்கார்ந்திருந்தது. அது எப்படி என்று கேட்பது உன் வேலை இல்லை. சரி. யாருடைய வேலை? பாபு வேலையா? மேரியம்மா வேலையா?

எனக்கு விவரம் தெரியாது என்று நினைத்து இதைச் செய்திருந்தால் கூட ஆறியிருப்பேன். எனக்கு விவரம் சொன்னவனே நீதானே. உனக்கு அந்த லேபில் வேலை கிடைத்த புதிதில் என்னை அங்கே கூட்டிப்போனாய். என்னை யார் என்று கேட்டவர்களுக்கு, "அப்பா கார்ப்பரேஷன்ல இருந்தார்" என்றாய். இடுகாட்டில் குழி வெட்டினவன் என்று சொல்லவில்லை. அதற்குக் கூட நான் கோபப்படவில்லை, சின்னப் பையன், கூச்சம் என்று விட்டுவிட்டேன். ஒரு சிட்டிகை மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, அந்தக் குழாய் வழியாகப் பார்க்கச் சொன்னாய். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. புள்ளி புள்ளியாக, நூல் நூலாக, ஓடிக்கொண்டும் துடித்துக்கொண்டும். ஒன்று உருண்டு போனது, இன்னொன்று அதைத் துரத்தியது. இவர்கள்தானா என்று நினைத்தேன். குழியை வெட்டி மூடினது நான், உள்ளே இருந்து வேலையை முடித்தது இவர்கள். ஒரு நாள் கூட முகம் பார்க்காத என் கூட்டாளிகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. நீ லைட்டு கண்ணில் குத்துகிறதா என்று கேட்டாய்.

அப்புறம் கேன்டீனில் உட்கார்ந்து, வடையைப் பிய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாய். மண் மணிகளைச் சுற்றி மெல்லிசாக ஒரு தண்ணீர்ப் படலம் இருக்கும், இந்த உயிர்களுக்கு அதுதான் ரோடு, அதுதான் சாப்பாட்டுத் தட்டு என்றாய். மண் காய்ந்தால் ரோடு அறுந்துபோகும், சிலது சாகும், சிலது கூட்டைக் கட்டிக்கொண்டு தூங்கும். தண்ணீர் அதிகமானால் சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டு காற்று வராது, காற்று வேண்டியதெல்லாம் ஓய்ந்துபோய், காற்று வேண்டாத நாற்றம் பிடித்ததுகள் தலை தூக்கும். பாதி சந்தில் தண்ணீர், பாதி சந்தில் காற்று, அதுதான் நல்ல மண் என்றாய். இன்னொன்றும் சொன்னாய். ரொம்ப நாள் காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீரைக் கொட்டினால், உள்ளே இருக்கிற உயிர்களில் பல தாங்காமல் வெடித்துச் சாகும், மிச்சம் இருப்பது அந்தப் பிணங்களைத் தின்று ஒன்றிரண்டு நாள் பேயாட்டம் ஆடும். அந்த நேரத்தில் மண்ணைப் புட்டியில் போட்டு மூடி மூச்சை அளந்தால், பயில்வான் மாதிரி காட்டும். நாலு நாள் கழித்து அளந்தால் மூச்சே இருக்காது. "அதான் நைனா, மண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி எப்ப நனைஞ்சதுன்னு கண்டிப்பா கேக்கணும்." இது உன் வாய். உன் வடை. உன் கேன்டீன். இப்போது அதே வாய், கேட்பது என் வேலை இல்லை என்கிறது.

சரி, என் யோக்கியதையையும் சொல்கிறேன். உன்னைத் திட்டுகிறவன் சுத்தம் இல்லை என்று நீயே தெரிந்துகொள். நேற்று வரைக்கும் உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் இது. மேரியம்மாவுக்கு இப்போதுதான் தெரியப் போகிறது.

நீ பிறப்பதற்கு முன்னால், துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டின ஒருத்தர் ராயபுரத்தில் செத்துப்போனார். பெரிய குடும்பம். மூத்த மகன் தேவராஜ், எனக்கு ஏழெட்டு வயது மூப்பு. அவர் அம்மாவும் நோயில் கிடந்தார். அடக்கம் முடிந்ததும் தேவராஜ் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே டீ கொடுத்தார். குழி வெட்டுகிறவனுக்கு அந்தக் காலத்தில் யார் அப்படிக் கொடுத்தார்கள். "அம்மா ரொம்ப நாள் தாங்காது. அப்பா குழியிலேயே தன்னையும் வைக்கணும்னு அதுக்கு ஆசை. நேரத்துல குழி தயாரா இருக்கணும், பாத்துக்க தம்பி" என்றார். தம்பி என்றார். அந்த டம்ளருக்காகவும் அந்தத் தம்பிக்காகவும் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

ஒரே குழியில் ரெண்டாவது ஆளை வைக்க வேண்டும் என்றால், முதல் ஆள் எலும்பாகியிருக்க வேண்டும். அதற்கு மண் தன் பாட்டுக்கு வேலை செய்ய வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. கோடை போய் முதல் மழை விழுந்ததும் இடுகாடு முழுக்க ஒரு வாசனை கிளம்பும், குழி மேடெல்லாம் கொஞ்சம் இறங்கும். அதைப் பல வருஷம் பார்த்திருந்தேன். தண்ணீர்தான் வேலை செய்கிறது என்று நானே முடிவு கட்டினேன். கொஞ்சம் தண்ணீர் இவ்வளவு செய்தால், நிறையத் தண்ணீர் எவ்வளவு செய்யும். தினம் சாயந்திரம் குடம் குடமாக அந்தக் குழி மேல் ஊற்றினேன். ரெண்டு கோடை ஊற்றினேன். இடமோ கடல் தண்ணீர் ஏறுகிற கழி ஓரத்துப் பள்ளம், களிமண். ஊற்றினது எங்கே போகும், அங்கேயே நின்றது. என் கூட வேலை செய்தவர்கள், "இன்னாபா, பொணத்துக்கு நாத்து வுடறியா" என்று கிண்டல் செய்தார்கள். நான் கேட்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய குழியைத் திறப்பதற்கு முன்னால் நீளமான இரும்புக் கம்பியை உள்ளே இறக்கி, உருவி, நுனியை மோந்து பார்ப்போம். மழை பெய்த மண் வாசனை அடித்தால் வேலை முடிந்தது. அழுகின முட்டை நாற்றம் அடித்தால் தொடக் கூடாது. தேவராஜ் அம்மா செத்த அன்று காலையில் கம்பியை இறக்கினேன். முட்டை நாற்றம் அடித்தது. அடித்தது சேகரு, எனக்குத் தெரிந்தது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேன். நாற்றம் பக்கத்துக் கழியில் இருந்து வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டினேன். பாடையை இறக்கி வைத்துவிட்டு மகன்கள் எல்லாம் குழியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே அவர் அப்படியே இருந்தார். வெள்ளையாக, சோப்புக் கட்டியில் செதுக்கின மாதிரி. மூக்கு, உதடு எல்லாம் இருந்தது. ஊற்றின தண்ணீர் நின்று காற்றை அடைத்து, மண்ணைத் தின்ன விடாமல் செய்துவிட்டது. சின்ன மகன் வாந்தி எடுத்தான். தேவராஜ் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புண்ணியவான் ஒடம்பு. மண்ணு தொடல" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. தேவராஜ் எழுந்து கை கூப்பினார். எவனோ ஓடிப்போய் மாலை வாங்கி வந்தான், கற்பூரம் கொளுத்தினார்கள், மத்தியானத்துக்குள் ராயபுரத்தில் இருந்து ஜனம் வரிசை கட்டி வந்து குனிந்து பார்த்தது. என்னையும் கும்பிட்டது. பாடையில் கிடந்த அந்த அம்மாவை யாரும் பார்க்கவில்லை. புண்ணியவான் குழியில் இன்னொரு உடம்பை வைக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, அந்த அம்மாவைச் சுவர் ஓரத்தில் தனியாக வைத்தோம். அதன் ஆசை அத்தோடு போச்சு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "தண்ணி ஊத்துனது நீ. பேரு சாமிக்கா?" என்றாள். அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நான் சொன்னது கெட்ட சேதி இல்லை, நல்ல சேதி. ஊரே சந்தோஷப்பட்ட சேதி. அதுதான் அதில் இருக்கிற விஷம். கெட்ட பொய் என்றால் எவனாவது சண்டைக்கு வந்து கிளறுவான். நல்ல பொய்யை ஒருத்தனும் கிளற மாட்டான். உன் ரிப்போர்ட்டும் நல்ல சேதி. அமுதா குழந்தைகள் குதித்ததைச் சொன்னேன் அல்லவா.

பாபு லாரி நின்று ஒரு வாரம் ஆன பிறகு, நேற்று முன்தினம் காலையில் என் பழைய கம்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "தாத்தா, இன்னாது வேலா, எந்தக் கோயிலுக்கு" என்றான். நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அந்தப் பள்ளத்தை என்னென்ன கழிவைக் கொட்டி மேடாக்கினார்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூச்சு வாங்க வாங்க நாலு இடத்தில் கம்பியை இறக்கினேன். மோந்து பார்த்தேன். மண் வாசனை இல்லை. முட்டை நாற்றம் கூட இல்லை, அது இருந்தாலாவது ஏதோ ஒரு ஜன்மம் உள்ளே இருக்கிறது என்று சொல்லலாம். துருவும் தீக்குச்சி மருந்தும் கலந்த மாதிரி ஒரு காட்டம், மூக்குக்குள் இன்னும் எரிகிறது. ஒரு மண்புழு இல்லை, ஒரு எறும்புப் புற்று இல்லை. பொணத்தை வைத்தால் கூட அந்த மண் தின்னாது. அங்கே அமுதா கீரை விதைக்கப் போகிறாள், உன் கையெழுத்தை நம்பி. முதல் கட்டு எனக்காம்.

என் மூக்கு ரிப்போர்ட்டு ஆகாது என்று நீ சொல்வாய். ஆகாதுதான். நான் படிக்காதவன், தப்பாகக் கூட இருக்கலாம். அதற்குத்தானே உன்னைப் படிக்க வைத்தேன். நீ போய்ப் பார்த்து, மண் நன்றாக இருக்கிறது என்று நியாயமாகச் சொன்னால், அந்தக் கீரையை நானே முதலில் தின்கிறேன். பார்க்காமல் சொல்லாதே என்பதுதான் என் சண்டை.

இதில் என் தப்பு இன்னொன்றும் இருக்கிறது. நீ வளர்ந்த காலத்தில் உன் கையில் மம்முட்டியைத் தொட விட்டதில்லை. இடுகாட்டு வாசலைக் கூடத் தாண்ட விட்டதில்லை. என் தொழில் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கு மண் என்றால் பிளாஸ்டிக் பையில் பேர் ஒட்டி மேசைக்கு வருகிற சாமான் ஆகிவிட்டது. அது எங்கே கிடந்தது, யார் அதன் மேல் நடந்தார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பது உன் வேலை இல்லாமல் போய்விட்டது. அப்படி வளர்த்தவன் நான். அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன்னைக் கேட்பதற்கு முன்னால் என் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று நேற்று ராயபுரம் போனேன். தேவராஜ் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, வாசலில் ஈசிசேரில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவர் அப்பா படம், புது மாலை. இன்னமும் வருஷா வருஷம் புண்ணியவானுக்குப் படையல் போடுகிறார்களாம். என் குரலைக் கேட்டதும், "வா தம்பி" என்று அதே மாதிரி டீ கொண்டுவரச் சொன்னார். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். குடத்தை, களிமண்ணை, கம்பி நாற்றத்தை, எல்லாவற்றையும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போ எங்கம்மா சொவத்தோரமா தனியாக் கெடக்கறது ஒன்னாலதானா?" ஆமாம் என்றேன். சேரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். டீ எடுத்து வந்த மருமகள் டம்ளரோடு என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாங்கிக்கொள்ளாமல் படி இறங்கிவிட்டேன். என்னைத் தம்பி என்று கூப்பிட்ட கடைசி ஆள் அவர்தான்.

மேரியம்மா இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, "பெரியவரே, கடைசியில பிள்ளைக்கு ஒரு வார்த்த அன்பா சொல்லுங்களேன்" என்கிறார். இவ்வளவு நேரம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை காலையில் நான் சடையங்குப்பத்தில் அந்த நிலத்தில் நிற்பேன். லாரி வராது, பாபுவிடம் சொல்லிவிட்டேன். அது எப்படிக் காய்ந்து கிடக்கிறதோ அப்படியே எடு. மழை வந்து தானாக நனைந்த பிறகு இன்னொரு முறை எடு. அதுவரைக்கும் அந்தக் குத்தகைக்காரனைக் காத்திருக்கச் சொல், நாங்கள் கால்வாய் ஓரத்தில் இத்தனை காலம் காத்திருக்கவில்லையா. பையைக் கொண்டு வா, புட்டியைக் கொண்டு வா. கம்பி என்னிடம் இருக்கிறது. மம்முட்டியும் எடுத்து வருவேன், ஆனால் அதைத் தூக்க எனக்கு இப்போது தோளில் பலம் இல்லை. உன்னைத் தொடவே கூடாது என்று வளர்த்தேன். இப்போது நான்தான் சொல்கிறேன். நீ வெட்டு.

உன் அப்பன்